அறுபத்து மூணு முகம்

இந்தச் சின்ன ஊருக்கு எப்படி இவ்வளவு பெரிய சுரங்கப்பாதை கட்டிக் குடுத்தாங்கன்னு கேக்குறீங்க. வர்றவங்க எல்லாரும் கேக்குறதுதான். உக்காருங்க சார். போட்டோ பிரிண்ட் வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். மெஷின் பழசு, சூடாகணும். நீங்க ரோட்டு ஆபீஸ்ல இருந்து சுவத்துல தண்ணி கசியுதான்னு பாக்க வந்திருக்கீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. கசியுது சார். மழை பேஞ்சா வடக்குச் சுவரு கசியும். மத்தபடி நல்ல பாதை. ஒண்ணும் குறை சொல்றதுக்கில்ல.

அது வந்ததுல எனக்கும் ஒரு பங்கு உண்டு. பங்குன்னா, நான்தான் வீடியோ எடுத்தேன்.

நாலு வழிச் சாலை போட்டப்ப இந்தக் கருவேலம்பட்டியை ரெண்டாப் பிரிச்சிட்டாங்க. வீடெல்லாம் கிழக்க. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, காடு கரை எல்லாம் மேற்க. நடுவுல வண்டி பறக்குது. என் ஸ்டூடியோ ரோட்டு மேலயே இருக்கா, எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நாலு வருஷத்துல பத்துப் பேரு. எல்லாச் சாவுக்கும் போயிருக்கேன். பாதிப் பேருக்கு மாலை போட்டு மாட்டுற படத்தை நான்தான் பெருசு பண்ணிக் குடுத்தேன். ஒருத்தருக்குப் படமே இல்ல, பேத்தி சடங்கு வீடியோவுல ஓரமா நின்னாரு, அதுல இருந்து எடுத்துக் குடுத்தேன். அதெல்லாம் செய்யிறதுதான்.

சும்மா இருந்தாங்கன்னு சொல்ல முடியாது. மனு குடுத்தாங்க. திங்கக்கிழமையானா கலெக்டர் ஆபீசுக்குப் போயி குடுத்துட்டு வருவாங்க. சீனியம்மான்னு ஒரு அம்மா, மகளிர் குழுத் தலைவி, அதுதான் முன்னால நிக்கும். மனுவை எழுதுறது அதோட மக அங்காளீஸ்வரி. முத்து முத்தா எழுதும் அந்தப் பிள்ளை. ரெண்டு வருஷம் எழுதுச்சு. ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ன்னு பதில் வரும். அதைக் கொண்டாந்து இங்கதான் லேமினேஷன் பண்ணுவாங்க. எதுக்குன்னு தெரியல.

அப்புறம் உண்ணாவிரதம் இருக்கோம்னு போலீஸ்ல அனுமதி கேட்டாங்க. ஊர் ஆலமரத்தடியில, ஒருநாள். கிடையாதுன்னுட்டாங்க. மூணு தடவை கேட்டாங்க, மூணு தடவையும் இல்ல. ஏதோ ஒரு சட்டப்பிரிவு, அதைப் பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு எப்பவும் அமல்லயே வச்சிருப்பாங்களாம். கோர்ட்டுக்குப் போனாங்க. கோர்ட்டு சரின்னுச்சு. ஆனா எங்க ஊர்ல இல்ல. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, தாலுகா ஊர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பழைய மாட்டுச்சந்தைப் பொட்டல்ல. காலையில பத்துல இருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும். அம்பது பேருக்கு மேல கூடாது. மைக் கூடாது.

அதையும் நான்தான் எடுத்தேன். போலீசுக்கு. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, ஊர்வலம், மறியல், கட்சிக் கூட்டம் எதுன்னாலும் போலீஸ்ல வீடியோ எடுத்து வச்சுக்குவாங்க. அவங்ககிட்ட ஆள் இல்லாதப்ப எங்கள மாதிரி கல்யாண வீடியோக்காரங்களைக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டாப் போகணும். ரோட்டு மேல கடை வச்சுக்கிட்டு முடியாதுன்னு சொல்ல முடியுமா? அன்னிக்கு எடுத்ததைப் போட்டுப் பாத்தா, அம்பது பேரு, ஒன்பது போலீஸ், மூணு ஆடு. பஸ் ஸ்டாண்டுக்குள்ள நிக்கிறவனுக்கே அங்க என்ன நடக்குதுன்னு தெரியாது. ஒரு மணி ஆனதும் எங்க ஸ்டேஷன் ஏட்டையா வாட்சைக் காமிச்சாரு. எந்திரிச்சு, பாயைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டாங்க. ஒரு சத்தம் இல்ல, ஒரு தகராறு இல்ல. இதுதான் முறைன்னு நான்கூட நெனச்சேன். பேப்பர்ல ஒரு வரி வரல.

அது ஆடியில. புரட்டாசியில ராக்காயி போயிருச்சு.

ராக்காயி பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிற அம்மா. காலையில எட்டே காலுக்குச் சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டுச்சு. லாரி. நிக்கக்கூட இல்ல. நான் அப்பத்தான் ஷட்டரைத் தூக்கிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். சரி, பதினொண்ணுன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன் சார், வேற என்னத்தை நெனைக்கிறது.

சனம் கூடுச்சு. யாரும் திட்டம் போடல, நான் கண்ணால பாத்தேன். சீனியம்மா தன் முந்தானையைக் கிழிச்சு ராக்காயி மேல போர்த்துனா. போர்த்திட்டு, ரோட்டு நடுவுல வெள்ளைக்கோட்டுல உக்காந்துட்டா. பக்கத்துல ஒருத்தி உக்காந்தா. அப்புறம் ஒருத்தி. கால்மணி நேரத்துல ரெண்டு பக்கமும் வண்டி நின்னுருச்சு. மதுரைப் பக்கம் ஆறு கிலோமீட்டருக்கு நின்னுச்சுன்னு அப்புறம் சொன்னாங்க.

ஏட்டையா போன் பண்ணாரு. “குரு, கேமராவை எடுத்துட்டு வாப்பா.”

எங்க வர்றது, வாசல்லதான் நிக்கிறேன்.

“கூட்டமா எடுக்காத. ஒவ்வொருத்தரா எடு. மூஞ்சி தெரியணும்”னாரு.

கல்யாண வீட்டுல பந்தி எடுப்போம்ல, இலை இலையா நகர்ந்துக்கிட்டே, அந்த மாதிரி எடுத்தேன். அதுல ஒரு வசதி என்னன்னா, யாரும் மூஞ்சியைத் திருப்பல. வெளியாளு எடுத்தா மறைப்பாங்க, முந்தானையைப் போட்டுக்குவாங்க. என்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமே. அங்க உக்காந்திருந்ததுல முக்காவாசிப் பேருக்குக் கல்யாணமோ சடங்கோ காதுகுத்தோ நான்தான் எடுத்தது. ஒரு கிழவி கேட்டுச்சு, “குரு, டிவியில போடுவாங்களாடா?” நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. “இங்க பாருங்கத்தே”ன்னேன். வாய்ப்பழக்கம். பாத்துச்சு.

அங்காளீஸ்வரிக்கு அப்ப இருபது வயசு. அது ஒரு இடத்துல உக்காரல. நின்ன பஸ்சுகள்ல பிள்ளைகுட்டியோட இருந்தவங்களுக்குக் குடத்துல தண்ணி மொண்டு கொண்டுபோயிக் குடுத்துக்கிட்டிருந்துச்சு. அதையும் எடுத்தேன். ஜன்னல் வழியா ஒரு கைக்குழந்தைக்கு டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அழகா வந்திருந்துச்சு. நடுவுல ஒரு தடவை அம்மா பக்கத்துல வந்து உக்காந்துச்சு. முடி முகத்துல விழுந்திருந்துச்சு. “அங்காளி, முடியை ஒதுக்கிக்கம்மா”ன்னேன். ஒதுக்கிக்கிச்சு. நேராப் பாத்துச்சு. அந்த ஃபிரேம் அன்னிக்கு எடுத்ததுலயே நல்ல ஃபிரேம்.

எம் பொண்டாட்டி பவுன்தாயும் உக்காந்திருந்தா. மூணாவது வரிசையில. ராக்காயி அவளுக்குத் தூரத்துச் சொந்தம். அவ இருந்த பக்கம் எதிர்வெயில் சார். எதிர்வெயில்ல எடுத்தா முகம் கருப்பாத்தான் விழும், எடுத்துப் பிரயோசனமில்ல. அதனால அந்த இடத்துல கேமராவைக் கொஞ்சம் வேகமாத் திருப்பிட்டேன்.

ஒன்பது மணியில இருந்து ஒன்றரை வரைக்கும். ரெண்டு ஆம்புலன்ஸ் வந்துச்சு, எந்திரிச்சு வழி விட்டுட்டுத் திரும்ப உக்காந்துக்கிட்டாங்க. ஆர்டிஓ வந்தாரு. சீனியம்மா பக்கத்துல தார் ரோட்டுல குத்தவச்சு, ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அப்புறம்தான் ராக்காயியைத் தூக்க விட்டாங்க. எட்டு மாசத்துல சாங்க்ஷன். அடுத்த வருஷமே மண்ணைத் தோண்டுனாங்க. ரெண்டு வருஷமா மனு குடுத்து ஆகாதது நாலரை மணி நேரத்துல ஆச்சு. நான் அதைச் சரின்னும் சொல்ல மாட்டேன், தப்புன்னும் சொல்ல மாட்டேன். ஆச்சு. அதுக்கப்புறம் ஊருக்குப் பிரியிற இந்த விலக்குல ஒரு உசுரு போகல. எம் மக அது வழியாத்தான் சைக்கிள்ல பள்ளிக்கூடம் போயிப் படிச்சு முடிச்சா.

கேஸ் போட்டாங்க. போடாம இருப்பாங்களா? சட்டவிரோதமாக் கூடினது, வழிமறிச்சது, இன்னும் ரெண்டு மூணு பிரிவு. ஒரு வாரம் கழிச்சு ஏட்டையா இங்கதான் வந்தாரு. இந்தா, நீங்க உக்காந்திருக்கிற இதே சேரு. கம்ப்யூட்டர்ல போட்டு நிறுத்தி நிறுத்திப் பாத்தோம்.

“இது யாரு குரு?”

“கருப்பாயிங்கய்யா. வீட்டுக்காரர் பேரு சன்னாசி.”

“இது?”

“ராக்காயி மக. வாசுகி.”

அது அழுதுக்கிட்டிருக்கும் வீடியோவுல. ஏட்டையா கொஞ்சம் யோசிச்சாரு. அப்புறம் எழுதிக்கிட்டாரு. நல்ல மனுசன், கெட்டவரு கிடையாது. நான் பேரு மட்டும்தான் சொன்னேன். இவங்க தப்பு செஞ்சாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. முகத்தைக் காமிச்சுப் பேரு கேட்டா, தெரிஞ்ச பேரைத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஆச்சு. மொத்தம் அறுபத்து மூணு. “அறுபத்து மூவரு”ன்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். எந்திரிக்கும்போது கேட்டாரு, “உன் வீட்டம்மா யாரும் இல்லையே?”

“இல்லீங்கய்யா”ன்னேன்.

ஒன்றரை வருஷம் கழிச்சு அங்காளீஸ்வரி போலீஸ் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுச்சு. காலையில நான் கடை திறக்கும்போது சர்வீஸ் ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கும், அண்ணன் செருப்பைப் போட்டுக்கிட்டு. அப்புறம் யாரோ ஷூ வாங்கிக் குடுத்தாங்க. எழுத்து, ஓட்டம், நீளந்தாண்டுறது எல்லாத்துலயும் வந்துருச்சு. எங்க ஊர்ல இருந்து முதல் போலீசுன்னு சனம் பேசிக்கிச்சு. அப்புறம் விசாரிக்க வந்தாங்க. கேஸ் நிலுவையில இருக்கு. வேலைக்கு ஆர்டர் வரல.

அம்மாவும் மகளும் இங்க வந்தாங்க. பிள்ளை இந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு.

“அண்ணே, அன்னிக்கு எடுத்த வீடியோ முழுசும் வச்சிருக்கீங்களா?”

“எதுக்கும்மா?”

“நான் பஸ்சுக்குத் தண்ணி கொண்டுபோனதை எடுத்தீங்கல்ல. போலீஸ்ல குடுத்த சிடியில அது இல்லையாம். முழுசும் இருந்தா மேல அப்பீல் பண்ணிப் பாக்கலாம்னு வக்கீல் சொல்றாரு.”

“அழிஞ்சிருச்சேம்மா. கார்டுல இடம் பத்தல.”

அது எனக்குப் பின்னாடி இருக்கிற அலமாரியைப் பாத்துச்சு. ஹார்ட் டிஸ்க்கு எல்லாம் அங்கதான் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் வருஷம், மாசம் எழுதி ஒட்டியிருப்பேன்.

“ஒருதடவை பாருங்களேண்ணே.”

“பாத்துட்டேன்மா.”

சீனியம்மா மக கையைப் பிடிச்சு, “வா”ன்னுச்சு. போயிட்டாங்க.

இருந்துச்சு சார். பொய் சொல்லணும்னு சொல்லல. போலீசுக்காக எடுத்ததை வெளியாளுக்குக் குடுத்தா, யாரைக் கேட்டுக் குடுத்தன்னு கேப்பாங்க. அதுவுமில்லாம முழு வீடியோன்னா முழு வீடியோதான? அதுல எல்லாரும் இருப்பாங்க. வேகமாத் திருப்புனாலும் நிறுத்தி நிறுத்திப் பாத்தாத் தெரியத்தான் செய்யும். அவங்க படியிறங்கிப் போனதும் அந்த ஹார்ட் டிஸ்க்கை மாட்டி அழிச்சிட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அழிஞ்சிருச்சுன்னு சொன்னேன், அழிஞ்சிருச்சு. சொன்னதும் நடந்ததும் ஒண்ணாயிருச்சுல்ல. அதுக்கப்புறம் சாப்பிடப் போனேன். மனசுல ஒண்ணும் தோணல. இப்பவும் தோணல. தோணணும்னு சில நேரம் உக்காந்து பாப்பேன்.

கேஸ் ஏழு வருஷம் நடந்துச்சு. வாய்தா வாய்தான்னு அறுபத்து மூணு பேரும் வேலைவெட்டியை விட்டுட்டுப் போகணும். மலேசியாவுக்குப் போக இருந்த ஒருத்தனுக்குப் பாஸ்போர்ட் வரல. நாலு பேரு செத்துப்போனாங்க, சீனியம்மாவும் அதுல ஒண்ணு. செத்தா கேஸ்ல இருந்து பேரை எடுத்துர்றாங்க. பவுன்தாய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவா. அவ பேரு கேஸ்ல இல்ல, ஆனாலும் போவா. பெரிய தூக்குல புளிச்சோறு கிண்டிக்கிட்டுப் போயி, கோர்ட்டு வேப்பமரத்தடியில அவங்க கூட உக்காந்திருந்துட்டு வருவா. எதுக்குப் போறன்னு நான் கேக்குறதில்ல. அவளும் சொல்றதில்ல. வீட்டுல அதிகம் பேச்சு கிடையாது. வயசாகுதுல்ல.

தொழிலும் முன்ன மாதிரி இல்ல. அந்த மறியலுக்கப்புறம் எங்க ஊர்ல ஒரு விசேஷம்கூட எனக்கு வரல பாத்துக்கங்க. ஒண்ணுகூட. எல்லாம் இந்த டிரோன் வந்ததால. வெளியூர்ல இருந்து டிரோன்காரனைக் கூட்டியாந்துர்றாங்க. வெளியூர்க்காரங்க இன்னும் என்னைத்தான் கூப்பிடுறாங்க, அங்கெல்லாம் டிரோன் கேக்குறதில்ல.

போன வருஷம் சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்க. கூண்டுல ஏறி நின்னேன். வரிசையா நிக்க வச்சு, இவங்கதானா இவங்கதானான்னு கேட்டாங்க. ஆமாங்க, ஆமாங்கன்னேன். அங்காளீஸ்வரி முறை வந்தப்ப அது முடியைக் காதுக்குப் பின்னாடி ஒதுக்கிக்கிட்டு என்னை நேராப் பாத்துச்சு. ஆமாங்கன்னேன்.

அவங்க வக்கீல் ரெண்டே கேள்விதான் கேட்டாரு.

“இந்த வீடியோ நீங்க எடுத்ததுதான்னு சட்டப்படி சான்றிதழ் ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களா?”

“இல்லைங்க. யாரும் கேக்கல.”

“சரி. அன்னிக்குக் காலையில உங்க மனைவி எங்க இருந்தாங்க?”

“வீட்டுலங்க.”

அவரு என்னைப் பாத்தாரு. அப்புறம் வாசப்பக்கம் பாத்தாரு. பவுன்தாய் அங்கதான் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியல. சொல்லல. வேற கேள்வி இல்லைன்னுட்டு வக்கீல் உக்காந்துட்டாரு.

போன மாசம் தீர்ப்பு. எல்லாருக்கும் விடுதலை. அந்தச் சான்றிதழ் இல்லாததால வீடியோவைச் சாட்சியமா எடுத்துக்க முடியாதுன்னு ஜட்ஜ் அம்மா வாசிச்சாங்க. ஒரு தாளு சார், ஒரு கையெழுத்து. அது இல்லைன்னா வீடியோவே எடுக்காத மாதிரிதானாம். ஆரம்பத்துலயே யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் கைதட்டல. ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ன்னு தீர்ப்புல வருது, அப்படின்னா என்னன்னு ஒரு அம்மா கேட்டுச்சு. அங்காளீஸ்வரிதான் சொல்லுச்சு. “செஞ்சோமா செய்யலையான்னு அவங்களுக்குத் தெரியலையாம்.” அதுக்கு இப்ப இருபத்தேழு முடிஞ்சு இருபத்தெட்டு. போலீஸ் வேலைக்கு வயசு தாண்டிப்போச்சு. மதுரையில ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்ஷன்ல நிக்குது. தீர்ப்புக்காக ஒருநாள் லீவு போட்டு வந்திருந்துச்சு.

தீர்ப்பு கேக்க நானும் போயிருந்தேன். போகணும்னு இல்ல, சும்மா போனேன். திரும்பும்போது எல்லாருக்கும் ஒரே பஸ்சு. நான் முந்தி ஏறுனதால ரெண்டு பேர் உக்கார்ற சீட்டு கெடைச்சுச்சு, ஜன்னலோரமா உக்காந்தேன். பின்னாடியே எங்க ஊர்ச் சனம் பூராவும் ஏறுச்சு. நிக்க இடமில்ல. எம் பக்கத்துச் சீட்டு காலி. கிழவிகளெல்லாம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. “உக்காருங்கத்தே”ன்னு ரெண்டு மூணு பேத்தைக் கூப்பிட்டேன். இருக்கட்டும்னாங்க. கண்டக்டர்கூடச் சத்தம் போட்டாரு, “அதான் சீட்டு இருக்குல்ல, உக்காருங்களேம்மா, எதுக்கு வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க”ன்னு. ஒருத்தரும் நகரல.

அங்காளீஸ்வரி எனக்கு நேரா நின்னுச்சு.

“நீயாவது உக்காரும்மா”ன்னேன்.

“நின்னு பழகிருச்சுண்ணே. கடையில பகல் பூரா நிக்கிறதுதான.”

கோவமாச் சொல்லல சார். சிரிச்ச மாதிரிதான் சொல்லுச்சு.

அதுக்குப் பின்னாடி பவுன்தாய் நின்னா. நான் சீட்டைக் கையால தட்டிக் காமிச்சேன். பாத்தா. பாத்துட்டு, அந்தப் பிள்ளை தோள்ல கிடந்த பையை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டா. காலித் தூக்குவாளி ஒரு கையில, கம்பி ஒரு கையில. விலக்கு வர்ற வரைக்கும் நாப்பது நிமிஷம் அப்படியே நின்னுக்கிட்டு வந்தா.

அவளுக்குப் பஸ்சுல உக்காந்தா தலை சுத்தும். முன்னயெல்லாம் அப்படி இல்ல.